எங்கள் முழுக்குக்குத் தண்ணீர் தேக்கியவர்

சோளக்காட்டுச் சந்தையில்தான் செய்தி கிடைத்தது. அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் ராவுத்தர் மூட்டையைக் கட்டிக்கொண்டே, “ஏனுங்க உபதேசியாரே, உங்க சவரியப்பன் காத்தால போயிட்டாருங்களாம்” என்றார். சவரியப்பன், மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் கத்தோலிக்க உபதேசியார். நான் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் மிஷனைச் சேர்ந்தவன். வழக்கமாக இந்த வித்தியாசத்தை விளக்காமல் விடமாட்டேன். அன்று விளக்காமல் அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

அவரை அறிந்த இரு சபையாரும் இதை வாசிப்பீர்கள். நாங்கள் ஆரம்பத்திலேயே கூடிக் குலாவியதாக யாரும் நினைக்க வேண்டாம். முதல் சந்திப்பே சண்டை. மாதாவை வணங்கலாமா என்று இதே சந்தையில் கத்திக்கொண்டிருந்தோம். பலாப்பழம் விற்க வந்த மலைக்காரர் ஒருவர், “சாமி ஒண்ணுன்னுதான் ரெண்டு பேரும் சொல்றீங்க. அப்புறம் ஏனுங்க அடிச்சிக்கறீங்க?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. சவரியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. “சந்தையில வேண்டாங்க, போற வழியில வச்சுக்கலாம்” என்றார். அதன்பின் எங்கள் வாதமெல்லாம் மலையேறும்போதுதான். எதிரே ஆள் வந்தால் நிறுத்திவிடுவோம். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் குரலும் உயராது.

பெரக்கரை நாட்டுக் காளியப்பன் ஞானஸ்நானம் கேட்ட வருஷம் மழை பொய்த்துவிட்டது. நாங்கள் முழுக்குக் கொடுக்கும் மடுவில் கணுக்கால்கூட நனையவில்லை. அவருடைய அண்ணன் தம்பிகளோ, குறித்த ஞாயிறன்று நடக்காவிட்டால் அவரைப் பழைய சாமியிடமே திரும்ப அழைத்துப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காளியப்பனும் தடுமாறிக்கொண்டிருந்தார். நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். தண்ணீர் ஓடியது ஒரே ஓடையில். அது கத்தோலிக்கர்களின் நாற்றங்காலுக்குப் போகும் தண்ணீர்.

நான் கேட்கவே இல்லை. சனிக்கிழமை போய்ப் பார்த்தால், சவரியப்பன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கல்லும் புல்லோடு பெயர்த்த மண்கட்டியும் வைத்து ஓடையை மறித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்களுக்கு முகம் கடுகடுவென்றிருந்தது. “அவிங்க முங்கறதுக்கு நம்ம நாத்து காயணுங்களா?” என்றார் ஒருவர். “நாத்து நாளைக்கு வரைக்கும் தாங்குங் கண்ணு. அந்த மனுசன் தாங்க மாட்டான்” என்றார் சவரியப்பன். பிறகு என் பக்கம் திரும்பி, “எங்க சாமியாருக்கு ஒரு செம்புத் தண்ணி போதும், உங்களுக்கு ஓடையே வேணும். இது அனாவசியம்னு இப்பவும் சொல்றேனுங்க” என்றார். அடுத்த நாள் காளியப்பன் தண்ணீரிலிருந்து எழுந்தபோது, கரையில் நின்ற அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் கீழே எட்டியதும் அவருடைய பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கண்டித்தார். உபதேசியார் வேலையே போயிருக்கும். “தப்புன்னா தண்டனை குடுங்க சாமி. ஆனா அந்தாளு திரும்பிப் போயிருந்தா ஆண்டவருக்கு நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லணுமா?” என்று கேட்டாராம். சாமியார் அவரை வேலையிலேயே விட்டுவைத்தார். நல்ல மனிதர்.

அடக்கத்தன்று மழையால் சாமியார் மலையேற முடியவில்லை. சவரியப்பனின் மனைவி என்னிடம், “நீங்களே செபஞ் சொல்லுங்க” என்றார். இறந்தவருக்காகச் செபிப்பது எங்கள் சபையில் இல்லை. அதை மாற்றிக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. மாற்றியிருந்தால் அவரே கேலி செய்திருப்பார். அவரைக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அவர்கள் தங்கள் வழக்கப்படி செபமாலை சொன்னார்கள். முடியும்வரை தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு நின்றேன். பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து வந்த காளியப்பனும் என் பக்கத்தில் நின்றார்.

எங்கள் சபையில் சிலர் இதைக் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும். மாதாவைப் பற்றி அவர் சொன்னதை நான் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அவர் இல்லாத பரலோகம் ஒன்றை இனி என்னால் பிரசங்கிக்க முடியாது.