கிருபாவதி வீட்டில் நான் குடிக்காத காப்பி

வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்தைப் பூட்டும்போது திருப்பதியிலிருந்து போன் வந்தது. கிருபாவதியின் தங்கை. "அக்கா பூட்டாங்க அண்ணா" என்றாள். அங்கே ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்திருந்தது.

கிருபாவதியை, இதைப் படிக்கும் உங்களில் பலர் சர்ச்சில் பார்த்திருப்பீர்கள். குடிபாலா பக்கத்து ஊர்களில் அவர் நுழையாத வீடு இல்லை. அவர் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர், நான் அதே நிலையத்தில் சளி பரிசோதிப்பவன். பதினான்கு வருடம் அவர் டப்பாவில் வாங்கி வந்ததை நான் கண்ணாடியில் தடவி, சாயமேற்றிப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு அடுக்குமாடி கட்டப் போனவர்களில் சேகரும் ஒருவன். தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்திருந்தவன் இருமலோடு திரும்பினான். காசநோய். ஒருமுறை நானும் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தார்கள். ஆனால் ஐந்து பேரும் ஒரே அறையில், சன்னலை மூடிக்கொண்டு படுத்தார்கள். கிருபாவதி அவன் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார்:

"தட்டுல ஒண்ணும் இல்லம்மா. அவன் இருமுனா காத்துல வருது. நீங்க சன்னல மூடிக்கினு படுக்கிறீங்க."

அந்த அம்மாள் தலையாட்டினார். அடுத்த வாரம் போனபோதும் சன்னல் மூடித்தான் இருந்தது. பனியாம்.

இரண்டு மாத மாத்திரையில் சேகரின் இருமல் நின்றது. மேஸ்திரி கூப்பிட்டான். ஆறு மாதம் முடியாமல் போகாதே என்று கிருபாவதி பஸ் நிற்கும் இடம்வரை போய்க் கெஞ்சினார். "நான் நல்லாத்தான் கீறேன்க்கா" என்று அவன் ஏறிவிட்டான். அங்கே போய் மாத்திரையை நிறுத்திவிட்டான். மறுவருடம் அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். நோய் இப்போது வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படவில்லை. தினமும் ஊசி போட அந்த மூடிய அறைக்குள் போனவர் கிருபாவதி. அவன் பிழைக்கவில்லை. பிறகு அவன் மனைவி மல்லிகாவுக்கு இருமல் வந்தது.

பிறகு கிருபாவதிக்கு. அவர் சளியையும் நான்தான் பார்த்தேன். நீலத்தின் நடுவே சிவப்புக் கோடுகளாகக் கிருமிகள், எண்ண முடியாத அளவு. எத்தனை பிளஸ் என்று கேட்டார். இருப்பதிலேயே அதிகமான மூன்று என்றேன். "சேகருதுதான் அண்ணா" என்றார். அவன்மேல் குறையாகச் சொல்லவில்லை.

அவருக்கும் போட்ட அதே ஊசிகள் அவர் காதைக் கெடுத்தன. நோய் நிற்கவில்லை. தெருவில் யாரும் அவர் வாசலில் நிற்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் பார்க்கப் போனேன். திறந்த தாழ்வாரத்தில் கட்டில் போட்டு, தங்கையைக்கூட அருகில் விடாமல் படுத்திருந்தார். தங்கை காப்பி கொண்டுவந்தாள். இப்போதுதான் குடித்தேன் என்று பொய் சொன்னேன். காது கேட்காத கிருபாவதி என் கையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டம்ளரில் நோய் இல்லை என்பது அந்தத் தெருவிலேயே அவருக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் என் கை நீளவில்லை.

அவர் எத்தனையோ பேருக்கு எவ்வளவோ கொடுத்தார். உங்களிடம் நல்ல நினைவுகள் இருக்கும். என்னிடம் தங்கியது, ஆடை படிந்து ஆறிப்போன அந்தக் காப்பிதான்.