ஞானசுந்தரி வீட்டு ஒயர்

மானாம்பதி காலனியில் ஞானசுந்தரியைப் பயமறியாதவள் என்பார்கள். நாற்றங்காலில் பாம்பு வந்தால் மற்றவர்கள் கரையேறுவார்கள். அவள் மண்வெட்டியை எடுப்பாள். ஆனால் நீளமாக, மெல்லிசாக ஒரு ஒயர் கிடந்தால் அவளுக்குக் குலை நடுங்கும். வீட்டில் கரண்டு உண்டு. சுவிட்சைத் தொடுவது மகள் ஜெனிஃபர் மட்டும். காரணம் ஊருக்கே தெரியும். தொண்ணூற்றாறில், விடிய விடிய மழை பெய்த மறுநாள், வரப்பில் அறுந்து கிடந்த கரண்டுக் கம்பியை மிதித்துத்தான் அவள் புருஷன் ஐசக் செத்தான்.

அந்த வீட்டுக்கு இரண்டாயிரத்து எட்டில் இன்டர்நெட் தேவைப்பட்டது. ஜெனிஃபருக்கு ஒரு சென்னைக் கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை. வீட்டில் நெட் இருந்தால் இங்கிருந்தே டைப் அடிக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் சேர வேண்டும். போனவள் திரும்பமாட்டாள் என்பது ஞானசுந்தரியின் இரண்டாவது பயம்.

"ஒயர்லெஸ்ஸுன்னு ஒண்ணு கீதும்மா. ஒயரே கெடையாது" என்று மகள் சொன்னதை நம்பித்தான் ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை டெலிபோன் ஆபீஸ் லைன்மேன் ராஜாராம் வந்தார். தெருக்கம்பத்திலிருந்து கறுப்பாக ஒரு ஒயரை இழுத்துக்கொண்டே வந்தார். ஞானசுந்தரி வேலியோரம் ஓடிவிட்டாள்.

"இன்னா நைனா இது? ஒயரே இல்லன்னாளே!"

"மோடம் பொட்டி வரைக்கும் டெலிபோன் ஒயருதான்க்கா. அது ஒண்ணும் பண்ணாது. பொட்டிலேர்ந்து கம்ப்யூட்டருக்குத்தான் ஒயரு இல்ல."

"அப்போ எப்பிடிப் போவுது?"

"காத்துல."

"காத்துல எங்க?"

ராஜாராம் நல்ல மனிதர்; விளக்கம் சொல்லாதவரைக்கும். "எங்கன்னு இல்லக்கா. வூடு பூரா கீது. அடுப்பாண்ட, பாயாண்ட, உம்மேல, எம்மேல..."

ஞானசுந்தரி தன் கையைப் பார்த்தாள். மயிர் சிலிர்த்து நின்றது. மேற்கே இடி உருண்டது.

"வோணாம்."

"சரி, நான் பையைக் கட்டுறேன்" என்றாள் ஜெனிஃபர்.

"வாய மூடுடி."

"இன்னாத்துக்கு மூடணும்? ஒயரு இருந்தாலும் பயம், இல்லாங்காட்டியும் பயம். எதுக்குத்தான் ஒனக்குப் பயமில்ல?"

ஞானசுந்தரி வேலியோரத்துப் புல்லைப் பார்த்தாள். அன்றைக்கு ஐசக் கம்பியைப் பார்க்கவில்லை. புல் மறைத்திருந்தது. பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பான். பன்னிரண்டு வருஷமாகக் கம்பியைத் திட்டியவள், புல்லைத் திட்ட மறந்துவிட்டாள்.

"ஒயரே போடு நைனா. கம்ப்யூட்டர் வரைக்கும்."

"இப்போதானக்கா அத்தப் பாத்து ஓடுன?"

"இப்பவும்தான் ஓடுவேன். எங்க கீதுன்னு தெரிஞ்சாத்தான ஓடலாம்? செவுத்துல கண்ணுக்கு நேரா அடி. பாய்க்கு அடியில எங்கயாச்சும் ஒளிச்சு வச்சே, தெரியும் சேதி. அந்தக் காத்து வெவகாரத்தையும் நிறுத்திட்டுப் போ."

ராஜாராம் முன்வாசல் நிலையையொட்டிக் கிளிப் அடித்து, நீல ஒயரைக் கம்ப்யூட்டர் மேசைவரை கொண்டுபோனார். பெட்டியில் பச்சை விளக்கு எரியவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஞானசுந்தரி நனைந்துகொண்டே வெளியில் நின்றாள்.

"ஓடுதாடி?"

"ஓடுதும்மா."

"திங்கக்கெழம?"

"போவல. உள்ள வா, நனையாத."

ஞானசுந்தரி நிலையோரத்து ஒயரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் முன்வாசலில் நுழைந்து யாரும் பார்க்கவில்லை.