கீழ்வீட்டின் பன்னிரண்டு மணி

பீல் நகரில் எங்கள் வீட்டு ஹோலில், கணப்புக்கு மேலே, ஒரு மாட்டுக்கொட்டிலின் உத்தரம் இருக்கிறது. வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்து, எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்பார்கள். கடையில் எடுத்ததல்ல. மாமா எங்கடின் மலைப் பள்ளத்தாக்கிலிருந்து தோளில் சுமந்து, ரயில் மாறி மாறிக் கொண்டுவந்தது. அது சுவரில் ஏறிய நாளில் எனக்கு ஒன்பது வயது. கெட்டிக்காரி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருந்த காலம்.

அதுதான் எங்களுடைய முதல் சொந்த வீடு. பழைய மாடி வீடொன்றின் மேல்தளத்தை அப்பாவும் அம்மாவும் வாங்கியிருந்தார்கள். அதற்கு முன் இருந்த வாடகை வீட்டில், எங்கள் கால்கள் சத்தமாக நடக்கின்றன என்று கீழே இருந்தவர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கடைசியில் வீட்டையே விட்டு எழும்ப வேண்டி வந்தது. அந்தப் பயத்தில் நாங்கள் எல்லோரும் நுனிக்காலில் நடக்கப் பழகியிருந்தோம். அம்மா இடியப்பம் பிழிவதைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்வார்.

புது வீட்டின் கீழ்த்தளத்திலும் ஒருவர் இருந்தார். வயதான பெண்மணி, தனியாள். வீட்டு விதிகளை ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் தட்டச்சு செய்து, யாரும் தப்ப முடியாதபடி தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். முதலாவது விதி, பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எந்தச் சத்தமும் கூடாது என்பது. வேறு யாரோடு கொழுவினாலும் இந்த மனுசியோடு கொழுவக் கூடாது என்று அம்மா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்.

ஹோலில் விறகு எரிக்கும் கணப்பு இருந்தது. அதற்கு மேலே இருந்த மரத்தட்டை முன்பு இருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கடினில் ஒரு ஹோட்டலில் பழுதுபார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தார். ஹோட்டலுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில் ஒன்றை இடிக்கிறார்கள், நல்ல மரம் கொண்டுவருகிறேன் என்றார். புது வீட்டுக்குப் பழைய மரமா என்று அப்பா முகத்தைச் சுளித்தார். இந்த நாட்டில் புது மரத்தைவிடப் பழைய மரத்துக்குத்தான் விலை அதிகம் என்று மாமா சொன்னதும் சுளித்த முகம் நேராகிவிட்டது. மாமா ஆணிகளைப் பிடுங்கி, புழு சாக மர ஆலையின் வெப்ப அறையில் வைத்தெடுத்து, தேய்த்து எண்ணெய் பூசிக் கட்டில் விரிப்பால் சுற்றிக் கொண்டுவந்தார். ரயிலில் எதிரே இருந்தவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் துணியவில்லையாம்.

அம்மாவுக்கு வேறு யோசனை இருந்தது. ஊரில் வீடு கட்டினால் நிலை வைக்க நல்ல நேரம் பார்ப்பார்கள். இந்த வீட்டின் நிலையை யாரோ எந்த ராகு காலத்திலோ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் கையால் ஏறப்போகும் மரம் இது ஒன்றுதான். பேர்ண் நகரத்துக் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை, பன்னிரண்டு நான்கிலிருந்து பன்னிரண்டு முப்பத்தொன்று வரை என்றார் ஐயர். அதை விட்டால் அடுத்த மாதம்தான். மாமாவோ அன்று பின்னேர ரயிலில் திரும்ப வேண்டியவர். நல்ல நேரம் முழுவதும் கீழ்வீட்டுத் தாளின் முதலாம் விதிக்குள் போய் விழுந்திருந்தது.

"சத்தமெல்லாம் பன்னிரண்டுக்கு முதல் முடிஞ்சிடும் அக்கா. நேரத்துக்கு மரத்தைத் தள்ளி விடுறது மட்டும்தான். பூனை நடக்கிற சத்தமும் வராது," என்றார் மாமா.

திட்டம் நல்ல திட்டம்தான். சுவரில் மூன்று துளை, அவற்றில் மூன்று இரும்புக் கம்பி. மரத்தின் முதுகிலும் மூன்று துளை போட்டாயிற்று. கம்பிகளுக்கு நேரே பிடித்துத் தள்ளினால் மரம் உள்ளே போய் இருந்துவிடும். இரண்டு துளைகள் வெண்ணெயில் போவது போலப் போயின. மூன்றாவதில் பூச்சுக்குப் பின்னால் ஒரு கருங்கல் காத்திருந்தது. துளைக்கும் ஊசி முறிந்தது. மாமா அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தார். புது ஊசியோடு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வரவும், தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

அம்மா பிள்ளையார் படத்துக்கு முன்னால் மோதகத் தட்டோடு நின்றார்.

"விடுங்கோ. வந்த முதல் மாதமே கடிதம் வந்தால் நான் எங்கை போறது? நேரம் போனால் போகட்டும்," என்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டார்.

"கேட்டுப் பாக்கலாம்தானே," என்று அப்பா என்னைப் பார்த்தார். அவருடைய ஜேர்மன், உணவகச் சமையலறையில் வேலை செய்து பழகிய ஜேர்மன்; உருளைக்கிழங்கோடு பேசத்தான் போதும். நான் இறங்கிப் போனேன். மோதகம் இன்னும் படைக்கவில்லை, அதனால் வெறுங்கை.

கீழ்வீட்டுப் பெண்மணி கதவைத் திறந்தார். எங்கள் வீட்டுக்கு இன்று ஒரு நல்ல நேரம் இருக்கிறது, பன்னிரண்டு நான்குக்குத் தொடங்குகிறது, இன்னும் ஒரேயொரு துளை பாக்கி என்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நான்கா ஐந்தா என்று கேட்டார். நான்கு என்றேன். கணக்குப் பார்த்தது யார் என்றார். ஐயர் என்றேன். துல்லியமான ஆள் என்று தலையாட்டினார். பிறகு கையை உயர்த்தித் தன் மணிக்கூட்டை நெடுநேரம் பார்த்தார்.

"என் மணிக்கூட்டில் பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் முடிக்கச் சொல்."

நான் நேர்மையான பிள்ளை. இப்போதுதான் தேவாலயத்தில் அடித்தது என்றேன்.

"அது முந்தி ஓடுகிறது," என்று கதவைச் சாத்தினார்.

"அவான்ரை மணிக்கூடு பிந்தி ஓடுது," என்று மேலே ஓடிவந்து சொன்னேன். மாமா அதைப் பற்றி ஆராயவில்லை. ஊசி சுழன்றது, கல் உறுமியது, கம்பி ஏறியது. பன்னிரண்டு பதினொன்றுக்கு மரம் சுவரில் இருந்தது. மட்டப்பலகையின் குமிழி நடுவில் நின்றது. அம்மா மரத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு நிலத்தில் அமர்ந்து சிரித்தார், கண்ணையும் துடைத்தார். கற்பூரப் புகை என்று நினைத்தேன். பிறகு மோதகத் தட்டை எடுத்துக்கொண்டு தானே கீழே போனார். அம்மா குதிக்கால் பதிய நடக்கும் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடுத்த கிழமையே அந்தப் பெண்மணி எங்கள் மேசையில் அமர்ந்து சோறு சாப்பிட்டார். நாற்பது வருடம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். ஒவ்வொரு மணிக்கூடும் ஒரு செக்கன் முந்தாமலும் பிந்தாமலும் ஓடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வதுதான் வேலை. எனக்குப் பாவமாக இருந்தது. ஊரார் மணிக்கூடெல்லாம் சரி, இவருடையது மட்டும் இப்படி. அன்றிலிருந்து படிக்கட்டில் கண்டபோதெல்லாம் சரியான நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவேன். அவர் கவனமாகக் கேட்டு, நன்றி சொல்லி, மணிக்கூட்டின் திருகைத் திருப்புவார்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு என் ரோசாநிறப் பிளாஸ்டிக் மணிக்கூட்டை, ரயில் நிலையத்தில் நேரம் பார்த்துத் திருத்தி, அவருக்குக் கொடுத்தேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனார். அந்தப் பெண்மணி அதை மற்றக் கையில் கட்டிக்கொண்டார். அதன்பிறகு மேலே எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். இனி அவருக்கு நேரம் பிழைக்காது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.