நான்கு வருடத்துக்கு ஒருமுறை அடித்த போன்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நான் டைம் கீப்பராக இருந்தவன். திருப்பத்தூர் வண்டி இரண்டு நிமிடம் பிந்தினாலும் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அப்படிப்பட்டவனின் மனைவி, காலண்டரில் ஒழுங்காக வராத ஒரு நாளில் போய்விட்டாள். பிப்ரவரி இருபத்தொன்பது, மத்தியானம்.

வருடத்துக்குக் கால் நாள் மிஞ்சுகிறதாம். அதைச் சேர்த்துவைத்து நான்காம் வருடம் ஒரு நாளாக ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டுப்போட்ட நாள்தானா கிடைத்தது அவளுக்கு?

காரியம் முடிந்து வெளிநாடு திரும்பும்போது, மகன் என் கண்முன்னே தேதியைப் போனில் பதிந்தான். "இனி வருசா வருசம் இது சத்தம் போடும்ப்பா. எங்கிட்டு இருந்தாலும் அன்னைக்குக் கூப்பிட்டுருவேன்."

எனக்குத் திதி இருக்கிறது. மாசி வளர்பிறை சஷ்டி. ஒரு வருடம் முந்தி வரும், ஒரு வருடம் பிந்தி வரும். ஐயரைக் கேட்டுச் செய்துவிடுவேன். காக்கைக்கு வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். அவனுக்கு ஆங்கிலத் தேதிதான் தெரியும். அதனால் பிப்ரவரி கடைசியில் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். இருபத்தெட்டைக் கிழித்தால் மார்ச் ஒன்று வரும். போன் வராது.

மூன்று வருடம் இப்படி. ஞாயிற்றுக்கிழமை பேசுவான், சர்க்கரை மாத்திரை போட்டீர்களா என்பான். அம்மா பேச்சே வராது. பெற்றவளை மறந்துவிட்டான் என்றே முடிவு கட்டினேன். நானே கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை.

நான்காம் வருடம், இருபத்தொன்பதாம் தேதி காலையில் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அப்பா, போன் இன்னைக்குத்தான் அடிச்சுச்சு. இந்தத் தேதி வர்ற வருசம் மட்டும்தான் அடிக்குமாம். நடுவுல மூணு வருசம் போயிருச்சே. நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? ஏம்ப்பா பேசாம இருந்தீக?"

"உங்க அம்மா செத்த நாளுக்கும் நான்தான் டைம் கீப்பரா?" என்று கத்திவிட்டேன்.

அவன் அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், "இருபத்தெட்டுன்னு மாத்தி வையி."

மாற்றிவிட்டான். இப்போது வருடம் தவறாமல் இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் போன் வருகிறது. ஒரு நிமிடம் முன்பின் கிடையாது. எனக்குத்தான் அந்தத் துல்லியம் பிடிக்கவில்லை. நினைவு வந்தது இவனுக்கா, போனுக்கா என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. கேட்க பயம். எடுத்து, "சாப்பிட்டியாப்பா?" என்கிறேன்.