கடைமடை வரை பார்த்த கணினி

பெரியப்பாவுக்கு ஐயம் என்பது மூச்சைப் போன்றது. பால்காரர் அளந்து ஊற்றிய பாலை அவர் கண்முன்னே மீண்டும் அளப்பார். கல்வராயன் மலையில் மழை என்று எவரேனும் சொன்னால், ஓடையில் கலங்கல் நீர் வந்த பின்னரே நம்புவார். அத்தகையவர், ஏரி நீரைப் பங்கிடும் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைக்க இசைந்ததே ஊருக்கு வியப்பு. மண்வெட்டியோடு மதகடியில் ஆண்டுதோறும் மூளும் சண்டைக்கு அஞ்சி ஊரார் எடுத்த முடிவு அது.

கள்ளக்குறிச்சியில் வலைத்தளங்கள் அமைத்துவந்த என் தாய்மாமன், பி.எச்.பி. என்னும் கணினி மொழியில் அதற்கொரு சிறு நிரல் எழுதினார். எந்தெந்த வயல் காய்ந்திருக்கிறது என்று மதகு பார்ப்பவர் காலையில் அலைபேசி வழியே தெரிவிப்பார். நிரல் மதகிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வயலாகப் பார்த்துச் செல்லும். காய்ந்த வயல் ஒன்றைக் கண்டதும் அதற்குரியவரின் பெயரை எழுதிவிட்டு, சுற்றை முறித்துக்கொண்டு வெளியேறும். அன்றைய நீர் அவருக்கே.

மதகை ஒட்டிய தலைமடை வயல் பெரியப்பாவுடையது. பாகப் பிரிவினையில் அப்பாவுக்கு வாய்த்ததோ வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடை. எங்கள் முறை நெருங்குவதற்குள் தலைமடை மீண்டும் காய்ந்துவிடும். நீர் அங்கேயே திரும்பிப் போகும். நெல் பூக்கும் பருவம் அது. இன்னும் சில நாள் நீரின்றேல் அத்தனையும் பதர். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறன்று மாமா கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்தில் வந்திறங்கினார். தம் தொழிலைப் பற்றி எவரிடமும் வாய் திறவாத அவர், அன்று தாமாகவே பெரியப்பாவை அழைத்து மடிக்கணினியைக் காட்டினார்.

“இத பாருங்க, காஞ்ச வயலு ஒன்னு கெடச்சதும் இந்த எடத்துல நின்னுடும். அதுக்குக் கீழ இருக்கறத பாக்கவே பாக்காதுங்க.”

பெரியப்பாவின் புருவம் ஏறியது. “இன்னா மாப்ள, பாதியில ஓடியாந்துடுதா? அப்ப கீழ இன்னா ஒளிச்சி வச்சிக்கினு இருக்க?”

“ஒன்னுமில்லீங்க. கெடச்ச பின்னாடி எதுக்கு வீணா சுத்தணும்னுதான்...”

“அந்தக் கதையெல்லாம் வாணாம். கடைசி வரிக்கும் பாக்கட்டும்.”

மாமா தலையைச் சொறிந்தார். அப்படியே இருக்கட்டுமே என்று கெஞ்சியும் பார்த்தார். அவர் கெஞ்சக் கெஞ்சப் பெரியப்பாவின் ஐயம் முற்றியது. என்னை அருகே இழுத்து, “பாப்பா, இங்கியே குந்திக்கினு பாரு. வேற எதுனா தொட்டான்னா சொல்லு” என்று காவலும் வைத்தார். நான் இமைக்காமல் பார்த்தேன். சுற்றை முறிக்கச் சொல்லும் ‘பிரேக்’ என்னும் ஒற்றைச் சொல்லை மட்டும் மாமா அழித்தார். அதை அவ்வாறே பெரியப்பாவிடம் ஒப்பித்தேன்.

மறுநாள் மதகடியில் ஊரார் முன்னிலையில் பெரியப்பாவே அலைபேசியை வாங்கிப் பார்த்தார். திரையில் இருந்தது அப்பாவின் பெயர்.

“இன்னா மாப்ள இது? என்னுதும் காஞ்சிதான கெடக்குது?”

“உங்குளுதையும் பாத்துச்சுங்க” என்றார் மாமா, மிகப் பணிவாக. “நீங்க சொன்னாப்ல கடைசி வரிக்கும் பாத்துச்சு.”

“பெரியவரு சொல்லித்தான மாத்துனாரு? பாப்பாவே சாட்சி!” என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவை நெடுநேரம் பார்த்தார். அலைபேசியை மதகு பார்ப்பவரிடமே திருப்பி நீட்டினார்.

அன்று மாலை எங்கள் வயலில் நீர் ஏறியது. அவ்வளவு தொலைவு நடந்த கணினி களைத்துப்போய் எங்கள் வரப்பிலேயே அமர்ந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். சுற்று முறியாமல் ஓடினால் ஒவ்வொரு பெயரின் மேலும் அடுத்த பெயர் எழுதப்படும், ஈற்றில் கடைசிப் பெயரே எஞ்சும் என்பது, பின்னாளில் நானே நிரல் எழுதப் பழகியபோதுதான் விளங்கியது.

வாய் திறவாத மாமா அன்று ஏன் தாமாக மடிக்கணினியைத் திறந்தார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஊரிலேயே ஐயம் மிகுந்தவர் என்னைக் காவல் வைத்திருந்தார். நானோ மாமாவின் விரல்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.