அத்தையின் எண்ணூற்று நாற்பத்தேழு

ஒரு வீடியோ கேமைக் காப்பாற்றுவதற்காக நான் அரை நாள் முழுக்கத் துணி தேய்த்திருக்கிறேன். சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள், தேய்த்தது தேய்த்ததுதான்!

எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகித் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்த முதல் வருஷம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் தலைதீபாவளிச் சீராக ஒரு கையடக்க வீடியோ கேமை அனுப்பியிருந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். கண்ணாடிக்குள் ஒரு மரம், மரத்திலிருந்து பழம் விழும். கீழே கூடையோடு நிற்கும் குட்டி ஆளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பழத்தைப் பிடிக்க வேண்டும். மூன்று பழம் தவறினால் ஆட்டம் காலி. அதுவரை எடுத்ததிலேயே பெரிய ஸ்கோர் மேல் மூலையில் நிற்கும்.

அந்தத் தீபாவளிக்கு விழுப்புரத்திலிருந்து சின்னத்தை மகளோடு வந்திருந்தார். என் மாமியாரின் தங்கை. வந்த அன்று சாயங்காலமே முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எல்லாருக்கும் முன்னால் கேமை நீட்டிக் காட்டினார். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஆசையாகக் கையை நீட்டினார். சின்னத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்:

"உனக்கு இதெல்லாம் வராதுக்கா. இதுக்கு மூள வேணும்."

அத்தை கையை மடக்கிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தங்கையைத் தூக்கி வளர்ப்பதற்காகத்தான் அத்தை அஞ்சாம் வகுப்போடு நின்றார். தங்கை பத்தாவது வரை படித்தார். பெரியவளுக்குக் கை வேலைதான் வரும், சின்னவளுக்குத்தான் புத்தி என்பது அந்தக் குடும்பத்தில் முடிந்துபோன விஷயம். அத்தையே அதை நம்பிக்கொண்டிருந்தார்.

மாசிக்குள் கேமில் இருந்த பொத்தான் செல் தீர்ந்துவிட்டது. திண்டிவனத்து வாட்ச் கடைகளில் அந்த அளவு செல்லே இல்லை. கடைசியில் ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, ரேடியோவுக்குச் செல்லுக்குப் பதிலாகப் போடும் எலிமினேட்டரில் இணைத்துக் கொடுத்தார்.

"இனிமே இது கரன்ட்ல ஓடும்மா. ஆனா வோல்டேஜ் எகிறுச்சின்னா உள்ள சுட்டுடும். கரன்ட் போச்சின்னா ஸ்கோரும் பூடும். ஜாக்கிரத."

எங்கள் ஊர்க் கரன்ட்டிடம் போய் ஜாக்கிரதையா! வீடுகளுக்கும் எங்களுடையதையும் சேர்த்து ஆறு கிணற்று மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஆறும் ஓடினால் வீட்டில் குண்டு பல்பு சிவந்து அழுது வடியும். ஆறும் ஒன்றாக நின்றால் கண் கூசும். ஆறையும் ஒரே நொடியில் போட்டால் ஃபியூஸ் போய் ஊரே இருட்டாகும். லைன்மேன் வருவது அவர் இஷ்டம்.

அந்தக் கரன்ட்டில்தான் அத்தை ஆடக் கற்றுக்கொண்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்காருவார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்ந்து பழகிய கை, விரல் பறக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"எம்மா! ஓடியா! ஓடியா!"

பாம்போ என்று சோப்புக் கையோடு ஓடினேன். அத்தை கேமை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"எவ்ளோன்னு படி. எனக்குத் தெரியுது. நீ படி."

"எண்ணூத்தி நாப்பத்தேழு அத்தை!"

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். மாமியாரும் மருமகளும் குதித்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு அத்தை சட்டென்று குதிப்பதை நிறுத்தினார். மறுநாள் காலையில் வருவதாகச் சின்னத்தை கார்டு போட்டிருந்தார்.

"நாளைக்கு அவ வர்றா. அவ கண்ணால பாக்குற வரைக்கும் இது அழியக் கூடாது. வாயால சொன்னா நம்ப மாட்டா."

அவ்வளவுதான், வீடு போர்க்கோலம் பூண்டது. கேமைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தோம். எலிமினேட்டர் ஒயருக்கு ப்ளக் கிடையாது. அம்மணமாக நின்ற இரண்டு கம்பியையும் சாக்கெட்டில் நுழைத்து, ஆடாமல் இருக்கத் தீக்குச்சி செருகியிருந்தோம். இப்போது இன்னும் இரண்டு குச்சி சேர்த்துச் செருகினேன். ஸ்விட்ச் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். போர்டுக்குப் பக்கத்தில் வந்த பல்லியை அத்தை முறத்தைக் காட்டி விரட்டினார்.

அப்புறம் மோட்டார். மற்ற ஐந்து கிணற்றுக்காரர்களிடமும் போய், எல்லாரும் ஒன்றாகப் போடவும் வேண்டாம், ஒன்றாக நிறுத்தவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும்படி மகனிடம் அத்தை உத்தரவு போட்டார்.

"என்னான்னு சொல்றது? எங்கம்மா வீடியோ கேம் ஆடிட்டாங்க, மோட்டார நிறுத்தாதீங்கன்னா?"

"அப்படியே சொல்லு."

மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அப்படியேதான் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. கிழக்குக் கிணற்றுக்காரர் தெருவில் போகும்போதெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, "ஸ்கோரு நிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்த இன்னொருவர், "எந்த ஊர்ல மேட்ச்?" என்றார்.

என் வேலை அயர்ன் பாக்ஸ். பல்பு பளிச்சென்று எரிய ஆரம்பித்தால் எங்கேயோ மோட்டார் நின்றுவிட்டது என்று அர்த்தம். வீட்டில் எதையாவது இழுக்கவிட்டால் வோல்டேஜ் இறங்கும் என்பது அத்தையின் கணக்கு. பல்பையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் மாறும். "தேய்டி!" என்பார். புடவை, வேட்டி, லுங்கி எல்லாம் தேய்த்தேன். தலையணை உறை தேய்த்தேன். துணி தீர்ந்துபோய்க் கரித்துணியைத் தேய்த்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அத்தைக்குக் கோபம் வந்தது, பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது.

எங்கள் மோட்டாரை மட்டும் அத்தை நிறுத்தவே விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் இவர் முழங்கால் வரை சேறோடு வந்தார்.

"எம்மா, மல்லாட்ட மெதக்குது."

"மல்லாட்ட அடுத்த போகத்துக்கும் வரும். எண்ணூத்தி நாப்பத்தேழு வருமா?"

இரண்டு டார்ச் செல்லைப் பக்கத்தில் சேர்த்துக் கட்டியிருந்தால் கரன்ட் போனாலும் ஸ்கோர் நின்றிருக்கும் என்று ரிப்பேர்க்காரர் பிற்பாடு சொன்னார். ஒரு வயலையே மூழ்கடித்த எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை!

கடவுள் புண்ணியத்தில் ராத்திரி கரன்ட் போகவில்லை. காலையில் அத்தை தலைக்குக் குளித்து, நான் தேய்த்ததில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டார். எடுத்த எடுப்பில் காட்டக் கூடாது, தண்ணி குடிக்கவிட்டு, சும்மா ஞாபகம் வந்த மாதிரி காட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லி வைத்தார்.

பத்து மணிக்குச் சின்னத்தை வந்தார். வியர்த்துக் கொட்டியது. அத்தை ஒன்றுமே நடக்காத மாதிரி, "வா, பஸ்ஸு கூட்டமா?" என்று கேட்டுக்கொண்டே சொம்பை எடுக்க உள்ளே போனார். ஃபேன் போடலாம் என்று சின்னத்தை போர்டுக்குப் பக்கத்தில் போனார்.

"ஐயையோ! என்னாம்மா இது, தீக்குச்சிய சொருவி வச்சிக்கினு? வீடு பத்திக்கும்!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒயரைப் பிடுங்கிவிட்டார். எங்கள் வீட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

அத்தை சொம்போடு நின்றார். அலமாரியிலிருந்து துண்டைப் பிரித்துக் கேமைப் பார்த்தார். கண்ணாடி வெறுமையாக இருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணூத்தி நாப்பத்தேழுடி," என்றார். கண்ணீர் கேம் மேல் சொட்டியது. "நெசமா எடுத்தேன்டி."

மோட்டார், அயர்ன் பாக்ஸ், மிதக்கிற வயல் என்று மூச்சு விடாமல் சின்னத்தையிடம் கொட்டினேன். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் கிழக்குக் கிணற்றுக்காரர் தலை: "ஸ்கோரு நிக்குதா?"

சின்னத்தை மெதுவாக அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முந்தானையை விரலில் சுற்றினார்.

"அழுவாதக்கா. அந்த முந்நூத்திப் பன்னெண்டு நான் எடுக்கல. எம்பொண்ணு எடுத்தா. சும்மா நீட்டிக் காட்டினேன், எல்லாரும் நம்பிட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அத்தை கண்ணைத் துடைக்காமலே நிமிர்ந்தார்.

"நீ எவ்ளோ எடுத்த?"

"முப்பத்தெட்டு."

எனக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அடக்க வாயில் துண்டை வைத்தேன். சின்னத்தையும் சிரித்துவிட்டார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூள கெடயாதுன்னியே."

"உனக்கு இருக்குக்கா. எனக்குத்தான் முப்பத்தெட்டு."

"மொதல்ல சொன்னத மட்டும் சொல்லு."

"உனக்கு மூள இருக்குக்கா."

அத்தை கேமை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைப் புடவையில் அழுந்தத் துடைத்தார். பிறகு என்னையும் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இன்னொரு வாட்டி சொல்லுடி," என்றார் தங்கையிடம்.

சின்னத்தை இன்னொரு வாட்டி சொன்னார்.