நாலாவது தோள்

எங்கள் நாடகக் குழுவில் எல்லோரும் கடலூர் முதுநகரில் பிழைப்பு நடத்தியவர்கள். அறுபதுகளின் நடுவில், இன்சூரன்ஸ் குமாஸ்தாவாக இருந்த எங்கள் டைரக்டரின் கையில் ஒரு வெளிநாட்டு நாவல் கிடைத்துத் தொலைத்தது. வாடகை அறையில் ஒண்டியாகக் கிடக்கும் ஒருவன். பக்கத்து அறைக் கிழவர் செத்துப்போகிறார். இவன் கதவு கதவாகத் தட்டுகிறான், ஒருத்தரும் திறக்கவில்லை. பிணத்தைப் பாடையில் போட்டு, ஒரு முனையைத் தூக்கித் தானே இழுத்துக்கொண்டு போகிறான். அவ்வளவுதான் கதை. "மனுசன் தனியன்டா, அதான் இதுல விஷயம்" என்று டீ குடிக்கும்போதுகூட டைரக்டர் சொல்லுவார்.

அந்த ஒண்டி வேஷம் எனக்கு. கதவைத் திறக்காத மூன்று பேரில் ஒருவர் ஜவுளிக்கடை பாய். ஒத்திகை முழுக்க அவருக்குப் பொருமல்தான். "மையத்து வாசல்ல கெடக்குது, நான் கதவ சாத்திக்கினு உக்காந்திருக்கணுமா? என்னா கதை மச்சான் இது!"

என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். முந்தின வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. மாசமாக இருப்பவளின் புருஷன் பிணம் தூக்கக் கூடாது என்பார்கள்.

"வைக்கோல் பொம்மைடி" என்றேன்.

"தெரியும். இருந்தாலும் பாடையத் தொடாதீங்க."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. குழுவில் போய்ச் சொன்னேன். டைரக்டர் சிரித்துவிட்டார். "எதுக்கும் அர்த்தமில்லன்னு மேடையில சொல்லப்போறவன் நீ. உனக்குச் சகுனம் கேக்குதா? ஒண்டியா தூக்கலன்னா நாடகமே இல்லடா."

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நாடகம். பாடை தத்ரூபமாக இருக்கவேண்டும் என்று மனுஷன் பச்சை மூங்கிலில் கட்டி, தென்னங்கீற்று பின்னிப் போட்டிருந்தார். கட்டையில் போக! மூன்று கதவையும் தட்டினேன். திறக்கவில்லை. பாடைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தேன். பச்சைக் கீற்று வாசனை மூக்கில் ஏறியது. கை நீளமாட்டேன் என்றது. நிஜமாகவே பயந்துவிட்டேன். அர்த்தமாவது ஒன்றாவது, எனக்கு என் பிள்ளை வேண்டும்.

திரை மறைவிலிருந்து டைரக்டர், "தூக்குடா, தூக்கு" என்று பல்லைக் கடித்தார். நான் அப்படியே நின்றேன்.

ஒரு கதவு திறந்தது. பாய் வெளியே வந்தார். "தள்ளு மச்சான், நீ தொடாத" என்று ஒரு முனையைப் பிடித்தார். அவர் வந்ததைப் பார்த்து மற்ற இருவரும் தங்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். மூன்று பேர் தூக்க, நாலாவது மூலை தொங்கியது. வைக்கோல் பிணம் சரியத் தொடங்கியது. "நாலாவது ஆள் எங்கய்யா?" என்று கூட்டத்தில் யாரோ நிஜமான பதற்றத்தோடு கத்தினார்.

டைரக்டர் வந்தார். பேன்ட் சட்டையோடு, வசனக் காகிதங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னை அசிங்கமாகத் திட்டியபடியே வந்து தோள் கொடுத்தார். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். ஹாலில் நல்ல கைதட்டல்.

வீட்டில் கதவைத் திறந்ததுமே, "தொட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன யார் தூக்குனது?"

ஒவ்வொருவராகச் சொன்னேன். நாலாவதாக டைரக்டரைச் சொன்னதும், "அவருமா?" என்று கேட்டுவிட்டு வயிற்றில் கைவைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

பெண் பிறந்தாள். பார்க்க நால்வரும் சேர்ந்தே வந்தார்கள். டைரக்டர் குழந்தையைக் கையில் வாங்கி, "இவளாலதான்டா என் நாடகம் கெட்டுது" என்றார். பாய் இரண்டு தடவை கேட்டும் அவர் குழந்தையைக் கொடுக்கவில்லை.